வராதவர் ஒப்புக்கொண்டவர்

கிகிந்தா ஊர்த் தானியக் கம்பெனியில் லாஸா என்ற விவசாயி ஆறு பேராக வாழ்ந்துவந்தார். கொள்முதல் கணினியில் ஒரு லாஸா. விதைக்கடன் கணினியில் பெயரில் ஓர் எழுத்து குறைந்த லாஸா. போக்குவரத்துக் கணினியில் அவருக்குப் பெண்பால். காப்பீட்டுக் கணினியில் அவர் செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன; ஆனாலும் கோதுமை விற்பதை அவர் நிறுத்தவில்லை. செத்தவர் கொண்டுவந்த கோதுமைதான் தரத்தில் முதலிடம் என்று ஆண்டறிக்கை பெருமைப்பட்டுக்கொண்டது.

தலைநகர் பெல்கிரேடிலிருந்து புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் இதைக் கண்டுபிடித்து அதிர்ந்துபோனார். ஒரு நிறுவனம் என்றால் அதன் கணினிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கட்டமைப்பு வேண்டும், கட்டமைப்பு என்று ஒன்று இருந்தால் அதை ஆள ஓர் ஆட்சிமுறை வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மிலுதின் மட்டும் தலையாட்டிவிட்டான். அன்று மாலையே அவனைத் தலைமைக் கட்டமைப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

பாவம், அவன் நம்பித்தான் தலையாட்டினான். கணினிப் பிரிவில் இருபது வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்ததும் இதைத்தான். எந்தக் கணினி எதோடு பேசுகிறது என்று ஒரு வரைபடம் வரைந்தான். அது தாழ்வாரச் சுவர் முழுக்க இடியாப்பம் போலப் பரவிக் கழிப்பறைக் கதவில் போய் முடிந்தது. பிறகு பதினொரு விதிகள் எழுதினான். அவன் தலைமையில் அமைத்த கட்டமைப்பு வாரியத்தைக் கேட்காமல் யாரும் புது மென்பொருள் வாங்கக் கூடாது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் விளக்கம் எழுதி வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவர் நாளைக்கே டிராக்டரில் அடிபட்டுச் செத்தாலும் அடுத்த ஆள் வந்து ஓட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். முடியாதவர்கள் வாரியத்திடம் விலக்குக் கேட்கலாம். விலக்கு ஒரு வருடத்துக்குச் செல்லும்.

வாரியத்தில் அவனைத் தவிர மூன்று பேர். விற்பனை இயக்குநர் வுக்காஷின், நிதி இயக்குநர் ராத்மிலா, உற்பத்தித் தலைவர் திஹோமிர். மூவரும் நியமனத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை. குளிர்காலத்தில் கிகிந்தா சதுக்கத்து மரங்களில் ஆந்தைகள் நூற்றுக்கணக்கில் வந்து உட்கார்ந்து பகலெல்லாம் தூங்கும். கூட்ட அறையில் தனியாக உட்கார்ந்து ஜன்னல் வழியே அவற்றைப் பார்க்கும் மிலுதினுக்கு, இதுகளாவது ஓரிடத்தில் கூடுகின்றனவே என்று பொறாமையாக இருக்கும்.

முக்கியமான தீர்மானம் வருகிற நாளில் வுக்காஷின் விடுப்பில் போய்விடுவார். அவர் வரட்டும் என்று மற்றவர்கள் தள்ளிவைப்பார்கள். ஆறு மாதம் இப்படிப் போனதும் மிலுதின் பன்னிரண்டாம் விதியை எழுதினான். தீர்மானத்தை வாரியத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டியது. ஒரு வேலை நாள், காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை, அது அங்கே இருக்கும். அதற்குள் ஒருவர் மறுத்தால் போதும், தீர்மானம் நின்றுவிடும். யாரும் மறுக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். விடுப்பில் இருப்பவரும் ஒப்புக்கொண்டவரே.

நிர்வாக இயக்குநர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதன் பிறகு ஆட்சிமுறை எண்ணெய் போட்ட கதவு மாதிரித் திறந்து திறந்து மூடியது. ஒரு வருடத்தில் லாஸாவை ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். மூடப்பட்ட மென்பொருள்களில் பெச்செய் ஊர்க் கிடங்குக்காரர் ஒருவர் தானே செய்து வளர்த்ததும் ஒன்று. அவர் பஸ் ஏறி வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். கேட்டோம், உங்கள் இயக்குநர் வழியாகத் தகவல் அனுப்பினோம், நீங்கள் மறுப்புச் சொல்லவில்லையே என்றான் மிலுதின். பித்தப்பை அறுவைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றார் அவர். ஆஸ்பத்திரியும் விடுப்புதான் என்று மிலுதின் மரியாதையாக விளக்கினான். அன்று சாயங்காலம் நன்றாகப் பசித்தது அவனுக்கு.

விலக்குகளும் நன்றாகவே நடந்தன. ராத்மிலாவின் நிதிப் பிரிவு முழுக்க எக்செல் கோப்புகளின் மேல் நின்றுகொண்டிருந்தது, அதற்கு விலக்கு. திஹோமிரின் ஈரப்பதக் கருவி, நைலான் துணி போர்த்திய ஒரு பழங்காலக் கணினியோடு மட்டும்தான் பேசும், அதற்கும் விலக்கு. இவர் விலக்கை அவர் மறுக்கவில்லை, அவர் விலக்கை இவர் மறுக்கவில்லை. இப்படியாக வாரியத்தில் ஒற்றுமை வளர்ந்தது.

மிலுதினும் ஒரு விலக்குக் கொடுத்திருந்தான். எடைமேடை மென்பொருளுக்கு. லாரி மேடையில் ஏறினால் எடை போட்டு, ஈரம் கழித்து, சீட்டு அடித்துத் தரும் அது. அதைச் செய்தவன் ரெல்யா. ரெல்யா மிலுதினின் கூம். அதாவது, மிலுதினின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், அவன் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவன். சொந்தத் தம்பியோடு பேசாமல் இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கூமோடு அப்படி இருக்க முடியாது.

முந்தைய வேலை போனபோது ரெல்யாவை இந்தக் கம்பெனிக்குக் கூட்டிவந்ததே மிலுதின்தான். இனி வேறெங்கும் எடுத்துக்கொள்கிற வயசும் இல்லை. சத்தமாகச் சிரிப்பான், தாமதமாக வருவான், விளக்கம் எழுதச் சொன்னால் நெற்றியைத் தட்டிக் காட்டுவான்.

"எல்லாம் இங்க இருக்கு கூமே. எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"நாளைக்கு உன்மேல டிராக்டர் ஏறிடுச்சுன்னா?"

"அப்போ மொதல்ல அந்த டிராக்டர எடை போடச் சொல்லு. சீட்டு இல்லாம ஏறக்கூடாது."

மிலுதினின் பதினொரு விதிகளில் ஒன்பதை ரெல்யா மீறினான். வேறு யாராக இருந்திருந்தாலும் மிலுதினே மூடியிருப்பான். டிசம்பர் கடைசியில் விலக்கு முடியும், வாயைத் திறக்காமல் புதுப்பித்துவிடுவான்.

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். கிகிந்தாவில் பாதிக் குடும்பங்களுக்கு அன்றுதான் ஸ்லாவா, குடும்பத்துச் சாமியின் நாள். மீதிப் பாதி அந்த வீடுகளுக்கு விருந்துக்குப் போகும். ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. ஒருமுறை வந்தவர் வருடா வருடம் வரவேண்டியதுதான். கொண்டாடுகிறவனுக்குச் சட்டப்படி விடுப்பு உண்டு. விருந்தாளிக்கு விடுப்பு கிடையாது. அதனால் விருந்தாளிகள் அன்றைக்கு வெளிவேலை என்று எழுதிவிட்டுப் போவார்கள். மற்றபடி அது சட்டப்படி வேலை நாள்தான்.

மிலுதின் வீட்டில் காலையிலேயே மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. பாதிரியார் வந்து போனார். ரெல்யா சீக்கிரமே வந்துவிட்டான். வழக்கப்படி கூமும் வீட்டுக்காரனுமாகச் சேர்ந்து சாமிக்குப் படைத்த ரொட்டியைக் கையில் பிடித்துச் சுற்றி, மது ஊற்றி, வெட்டி, முத்தமிட்டார்கள். மிலுதினின் மனைவி தெசாங்கா வேகவைத்த கோதுமையைத் தட்டில் குவித்து வாசலருகே வைத்தாள். மதியம் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். வாரியம் முழுசாக வந்தது. கூட்டத்துக்கு ஒருநாளும் சேர்ந்து வராத மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்று காலணியைக் கழற்றி, ஆளுக்கொரு கரண்டி கோதுமை தின்று, வீட்டுக்காரனை மும்முறை முத்தமிட்டார்கள். கூட்டம் நடத்தப் போதுமான ஆள் இருக்கிறது என்று மிலுதின் வேடிக்கையாகச் சொன்னான். எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

ஸ்லாவாவில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. மிலுதின் நின்றபடியே கெண்டை மீன் பரிமாறினான், ராக்கியா என்ற பழச்சாராயம் ஊற்றினான். ரெல்யா மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து, போன அறுவடையில் ஒருத்தன் லாரிக்குள் தன் மாமியாரையும் சேர்த்து எடை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். வுக்காஷின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திஹோமிர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று கோப்பை உள்ளே போனதும் அவர் எழுந்து, சிகரெட் பிடிக்கலாம் என்று மிலுதினைச் சமையலறைப் பின்வாசலுக்கு இழுத்துப் போனார்.

"என்னால ரெல்யா முகத்தப் பாக்க முடியல," என்றார்.

"ஏன், கடன் வாங்கினியா?"

"உனக்கு நிஜமாவே தெரியாதா?"

வெளியே வந்தது இதுதான். காலை எட்டு மணிக்கு வுக்காஷின் வாரியத்தின் பக்கத்தில் ஒரு தீர்மானம் ஏற்றியிருந்தார். எடைமேடை மென்பொருளின் விலக்கை இனிப் புதுப்பிப்பதில்லை, ஜனவரியில் அந்தப் பிரிவை மூடிவிடுவது, பெல்கிரேடு கம்பெனி ஒன்றின் மென்பொருளை வாங்குவது. விற்கிறவர்கள் அவரைப் போன மாதம் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அந்தப் பிரிவில் இருப்பது ரெல்யா ஒருவன்தான். நாலு மணிக்குள் யாரும் மறுக்காவிட்டால் முடிந்தது.

மிலுதின் படுக்கையறைக்கு ஓடினான். கட்டில் மேல் விருந்தாளிகளின் கோட்டுகள் மலையாகக் கிடந்தன. அவற்றுக்கடியிலிருந்து மடிக்கணினியை உருவித் திறந்தான். மறுப்பு என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கீழே இரண்டு வரி இருந்தது. நீங்கள் விடுப்பில் இருக்கிறீர்கள், உங்கள் சம்மதம் பதிவு செய்யப்பட்டது. நல்ல ஓய்வு அமையட்டும். அவனே எழுதியது. அந்தக் கடைசி வரியில் மனிதத்தன்மை இருப்பதாக நிர்வாக இயக்குநர் பாராட்டியிருந்தார்.

திரும்பி வந்து திஹோமிரிடம், உன் கைபேசியை எடு, ஒரு அழுத்து அழுத்து என்றான். திஹோமிர் தன் கைபேசியில் அந்தப் பக்கம் திறக்காது என்றார். என்னுடையதில் திற என்றான். கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார். பிறகு சிகரெட்டை அணைத்துவிட்டு, தனக்கு அந்த ஈரப்பதக் கருவி இருக்கிறது, அதன் விலக்கும் இதே மாதம்தான் முடிகிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ராத்மிலா கோப்பைகளை எடுத்துவைக்க உதவும் சாக்கில் சமையலறைக்கு வந்தாள். அவளிடம் மிலுதின் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு, மிலுதின்," என்றாள். "ஆனா நான் இத மறுத்தா, அவர் நாளைக்கே என் எக்செல்ல மறுப்பார். அங்க எனக்குக் கீழ ஒன்பது பொண்ணுங்க வேலை பாக்கறாங்க. இங்க ஒரு ஆள்."

"அந்த ஆள் உள்ள உக்காந்து உனக்கு மீனுக்கு முள்ளு எடுத்துக் குடுத்தான்."

"ஆமா. நல்ல மனுஷன்." தட்டைத் துடைத்துவைத்தாள். "விளக்கம் எழுதிக் குடுங்கன்னு நீங்களே எத்தன தடவ கேட்டீங்க? பெச்செய்காரரும் நல்ல மனுஷன்தான்."

மேசைக்குத் திரும்பியபோது வுக்காஷினின் கோப்பை காலியாக இருந்தது. வீட்டுக்காரன் நிரப்ப வேண்டும். மிலுதின் நிரப்பினான். குனிந்து, அவர் காதில், இதை நாளைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். வுக்காஷின் திரும்பிப் பார்த்த பார்வையில் கள்ளமே இல்லை.

"இன்னைக்கு ஆபீஸ் பேச்சு வேண்டாம், வீட்டுக்காரரே. சாமி நாள்," என்றார். "அதுவும் இல்லாம நான் என்ன பண்ணேன்? உங்க விதிப்படி பண்ணேன். அருமையான விதி. போன வாரம் பெல்கிரேடுல நாலு பேர்கிட்ட உங்க பேரச் சொல்லிப் பெருமையாச் சொன்னேன்."

மிலுதின் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு மனிதவளப் பிரிவின் புதிமிர்காவைக் கூப்பிட்டான். அவள் வேறு யார் வீட்டு ஸ்லாவாவிலோ இருந்தாள். பின்னால் அக்கார்டியன் சத்தம். என் விடுப்பை இப்போதே ரத்து செய் என்றான்.

"ஸ்லாவா விடுப்பு சட்டம் குடுத்தது, நான் எடுக்க முடியாது," என்றாள் புதிமிர்கா. "நீங்களே நேர்ல வந்து ஆபீஸ் வாசல்ல கார்டு வெச்சா விடுப்பு தானா ரத்தாயிடும்." அக்கார்டியன் சத்தத்திலிருந்து தள்ளி வந்தாள். "என்ன, மெழுகுவத்தி எரியறப்போ வீட்டுக்காரர் வெளிய வரதா? ஏன், யாராவது செத்துட்டாங்களா?"

அப்படியானால் வழி இருந்தது. கார் வுக்காஷினின் பெரிய வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது, ஆனால் சதுக்கம் வழியாக நடந்தால் கால் மணி. மணி மூன்றரை. போய்க் கார்டை வைத்து, பொத்தானை அழுத்தி, திரும்பி வந்துவிடலாம். ஊர் முழுக்கப் பத்து வருடத்துக்குப் பேசும், ஸ்லாவா அன்று சாமியையும் விருந்தாளியையும் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடியவன் என்று. பேசட்டும். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் நடையில் குனிந்து, குவிந்து கிடந்த காலணிகளுக்குள் தன்னுடையதைத் தேடினான். இடதுகால் கிடைத்தது. வலதுகாலைத் தேடிக்கொண்டிருக்கும்போது ரெல்யா வந்தான்.

"எங்க கெளம்பிட்ட, கூமே?"

மிலுதின் நிமிர்ந்தான். இப்போது சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியத்தில் வுக்காஷின் பெயர் வரும். அதற்கு முன்னால் தன் பெயரும் வரும்.

"ராக்கியா பத்தாது போல," என்றான்.

"ராக்கியா தீந்தா கூம் போவான். வீட்டுக்காரன் போவானா?" ரெல்யா அவன் கையிலிருந்த காலணியைப் பிடுங்கிக் குவியலில் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "உள்ள உக்காந்திருக்கறதெல்லாம் உன் வாரியத்து ஆளுங்க. அவங்க முன்னாடி உன் வீட்ல ஒரு கொறையும் வரக்கூடாது. அதுக்குத்தான் நான் இருக்கேன். போ, உள்ள போய் நில்லு."

"ரெல்யா..."

"சொல்லு."

தெசாங்கா உள்ளேயிருந்து ரொட்டி கேட்டாள். எடைமேடைக் கதை இன்னொரு முறை வேண்டும் என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"ஒண்ணுமில்ல," என்றான் மிலுதின்.

ரெல்யா அவன் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனான். அந்தக் கை கனமாக, சூடாக இருந்தது. அதை உதறியிருக்கலாம். ரெல்யா ஒன்றும் கயிறு போட்டுக் கட்டவில்லை. ஆனால் தடுக்கப்பட்டதில் மிலுதினுக்குள் எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. நான் கிளம்பினேன், அவன்தான் விடவில்லை என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வாசகம் கிடைத்துவிட்டது. வாசகங்கள் எழுதுவதில் அவன் கெட்டிக்காரன்.

நாலு மணிக்கு வாழ்த்துச் சொல்லும் நேரம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். குரல் நன்றாக இருக்கிறவர்தான் சொல்வது வழக்கம், அதனால் வுக்காஷின் சொன்னார். இந்த மெழுகுவத்தி அணையாமல் இருக்கட்டும், இந்த மேசையில் ஆள் குறையாமல் இருக்கட்டும், இந்த வீட்டுக்கு இப்படி ஒரு கூம் எப்போதும் இருக்கட்டும் என்றார். சொல்லும்போது ரெல்யாவை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். ரெல்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது சட்டைப் பைகளிலும் கைப்பையிலும் இருந்த நாலு கைபேசிகள் ஒரே நேரத்தில் ஒருமுறை அதிர்ந்தன. யாரும் எடுக்கவில்லை. கோப்பைகளைப் பார்த்தபடி நின்றார்கள். ரெல்யா ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"எல்லாருக்கும் ஒண்ணா அடிக்குதே? எவனாவது போய்ச் சேந்துட்டானா?"

"ஆபீஸ்ல இருந்து," என்றாள் ராத்மிலா.

"ஸ்லாவா நாள்லயுமா? வெக்கங்கெட்டவனுங்க," என்று சொல்லிவிட்டு ரெல்யா குடித்தான். எல்லோரும் குடித்தார்கள்.

மாலையில் மிலுதின் மெழுகுவத்தியை மதுவில் நனைத்து அணைத்தான். விருந்தாளிகளுக்குத் தெசாங்கா மீதி மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ரெல்யாவின் பொட்டலம்தான் பெரியது.

ஜனவரியில் ரெல்யாவுக்கு விஷயம் தெரிந்தது. அதிகாரபூர்வமாக, தீர்மானத்தின் நகலோடு. கீழே, ஒருமனதாக நிறைவேறியது என்றிருந்தது. நாலு பெயர்களும் இருந்தன. அவன் மிலுதினின் அறைக்கு வரவில்லை. கூச்சல் போடவில்லை. போகும்போது எடைமேடைக்காரர்கள் எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு, தாழ்வார வரைபடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான் என்று காவலாளி சொன்னார். இப்போது ஒரு டயர் கடையில் இருக்கிறான். அறுவடையில் புது மென்பொருள் படுத்துக்கொண்டது, லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. வாரியம் அவசரமாகக் கூடி, காகிதத்தில் எடை எழுத ஒரு வருட விலக்குக் கொடுத்தது. மிலுதினுக்குச் சிறந்த ஆட்சிமுறைக்கான நினைவுக்கேடயம் கிடைத்தது. அதை அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

அடுத்த நிக்கோலா நாள் வந்தது. ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. வுக்காஷின் வந்தார். ராத்மிலாவும் திஹோமிரும் வந்தார்கள். பாதிரியார் போய் வெகு நேரமாகியும் ரொட்டி வெட்டப்படாமல் இருந்தது. வெட்டிவிடலாமே என்று தெசாங்கா இரண்டு முறை கேட்டாள். மிலுதின் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான்.

மதியத்துக்கு மேல் ரெல்யா வந்தான். கோட்டைக் கழற்றவில்லை. ஒரு கரண்டி கோதுமை தின்றான். மிலுதினோடு சேர்ந்து ரொட்டியைப் பிடித்துச் சுற்றினான், மது ஊற்றினான், வெட்டினான், அவனை மும்முறை முத்தமிட்டான். மேசையில் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லி மிலுதின் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இதுக்கு மட்டும் விலக்கு கெடையாதாம் கூமே, அதனால வந்தேன்," என்றான் ரெல்யா. குரலில் கோபம்கூட இல்லை. தான் கொண்டுவந்த மது பாட்டிலை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வாசல் நடைக்குப் போனான். குவியலுக்குள் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் காலணியைக் கழற்றவே இல்லை.

வுக்காஷினின் கோப்பை காலியாக இருந்தது. மிலுதின் போய் நிரப்பினான்.